டஸ்கலூசாவின் பார்பிக்யூ கடைகள்: அங்கே வாழ்ந்தவர்களின் அனுபவங்கள்

பொறியியல் முதுகலை படித்தவர் எழுதுவது:

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கலூசா ஊரில் இருக்கும் அலபாமா பல்கலைக்கழகத்தில் படிக்க வரும் எவரும் முதல் வாரத்திலேயே இரண்டு அறிவுரைகளைக் கேட்டுவிடுவார். கார் இல்லாமல் டஸ்கலூசாவில் காலம் தள்ள முடியாது என்பது ஒன்று. நெடுஞ்சாலையோர உணவகம் எதிலாவது விலா எலும்புக் கறியைத் தின்றுவிட்டு இந்த ஊரின் பார்பிக்யூவைச் சாப்பிட்டதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொன்னவர் எங்கள் ஆய்வகத்தில் இருந்த மூத்த மாணவர். அதே மாநிலத்தின் மொபில் நகரத்துக்காரர். அவருடைய காரில்தான் ஜெரூசலேம் ஹைட்ஸ் பகுதியில் இருக்கும் டிரீம்லேண்ட் என்ற பார்பிக்யூ கடைக்கு முதன்முதலாகப் போனேன். கடை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஹிக்கரி மர விறகின் புகை காருக்குள் வந்துவிட்டது.

1958-இல் இந்தக் கடையைத் தொடங்கியவர் ஜான் பிஷப் என்ற கறுப்பினத்தவர். ஊரார் அவரை ‘பிக் டாடி’ என்றே அழைத்தார்கள். அதற்கு முன் கொத்தனார் வேலை பார்த்துவந்தவர். வீட்டுக்குப் பக்கத்து நிலத்தில் ஒரு கடையைக் கட்டும்படி கடவுள் கனவில் வந்து சொன்னார் என்றும், பெயர் அதனால்தான் வந்தது என்றும் ஒரு கதை உண்டு. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். உள்ளே நுழைந்து அந்தச் செங்கல் அடுப்பைப் பார்த்தபோது கொத்தனாரின் கடை என்பது எனக்கு மிகவும் பொருத்தமாகவே பட்டது. அதே 1958-இல்தான் ‘பேர்’ பிரையன்ட் அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். 1982 வரை அப்பொறுப்பில் இருந்து ஆறு தேசியப் பட்டங்களை வென்று தந்தார். உள்ளூர்க்காரர்கள் இவ்விரண்டு வருகைகளையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

தொடக்க காலத்தில் ஹாம்பர்கர் முதல் அஞ்சல் தலை வரை அங்கே விற்றார்களாம். ரிப்ஸ் என்ற பன்றி விலா எலும்புக் கறிக்கு இருந்த வரவேற்பு மற்ற எதற்கும் இல்லாததால் நாளடைவில் மற்றவை ஒவ்வொன்றாக விலகிப்போய், விலா எலும்புக் கறி, அதற்குத் துணையாக வெள்ளை ரொட்டி, ஒரு கிண்ணம் சாஸ், குடிக்க ஏதாவது என்ற அளவில் கடை நின்றுவிட்டது. முட்டைக்கோஸ் சாலட், பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட் என்று தென் மாநிலங்களில் பார்பிக்யூவுடன் வழக்கமாக வரும் எதையும் இங்கே பல்லாண்டுகளாகக் கேட்க முடிந்ததில்லை. பிற ஊர்களில் கிளைகள் திறந்த பிறகு அவை உணவுப் பட்டியலில் இடம்பெற்றன என்பது வேறு கதை. எங்கள் மேசைக்கு வந்த பெண்மணி என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. எவ்வளவு வேண்டும் என்று மட்டுமே கேட்டார். உணவுப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தே பழக்கப்பட்ட எனக்கு அது சற்றுத் திகைப்பாகவும், பிறகு பெரிய நிம்மதியாகவும் இருந்தது.

பார்பிக்யூ என்றாலே மணிக்கணக்கில் மெல்லிய சூட்டில் வேகவைப்பது என்று பலரும் எழுதுகிறார்கள். டெக்சாஸில் மாட்டின் மார்புக் கறியைப் பொறுத்தவரை அது சரிதான். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். ஆனால் டஸ்கலூசாவின் ரிப்ஸ் அந்த வகையைச் சேர்ந்ததன்று. இங்கே ஹிக்கரித் தணலுக்கு நேர் மேலே கம்பி வலையில் விலா எலும்புகளைப் பரப்பி, நல்ல சூட்டில், ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். உருகும் கொழுப்பு தணலில் விழுந்து புகையாக மேலெழுந்து மீண்டும் கறியிலேயே படிகிறது. ஆகவே கறி எலும்பிலிருந்து தானாக உதிராது. பல்லால் இழுத்துத்தான் தின்ன வேண்டும். ஓரங்களில் ஆங்காங்கே கருகியிருக்கும். அந்தக் கருகலை ஒதுக்கிவைப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிந்ததே இல்லை.

எங்கள் பக்கத்து மேசையில், அணியின் கருஞ்சிவப்புத் தொப்பி அணிந்த ஒரு பெரியவர் தனியாக அமர்ந்திருந்தார். நான் ரொட்டியைத் தொடாமல் வைத்திருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொறுக்க மாட்டாமல் எழுந்து வந்து, என் தட்டிலிருந்த ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து, இரண்டாக மடித்து, சாஸில் முக்கிக் காட்டினார். கறி வரும் வரை ரொட்டியைச் சாஸில் தோய்த்துத் தின்று பசியாற வேண்டும், கறி வந்த பிறகு சாஸைக் கறியின் மேல் கொட்டக் கூடாது என்பது அவருடைய உபதேசம். தக்காளியும் வினிகரும் சேர்ந்த அந்தச் சாஸின் புளிப்பு எனக்கு உடனே பிடித்துப்போனது. எங்கள் வீட்டில் பன்றிக்கறி சமைத்ததில்லை என்று நான் சொன்னபோது, அவர் அதை ஒரு துக்கச் செய்தியைப் போலக் கேட்டுக்கொண்டார். புறப்படும்போது இந்த ஊரில் வணக்கத்துக்கும் விடைபெறுவதற்கும் சொல்லும் ‘ரோல் டைட்’ என்ற சொல்லை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் போனார்.

ஒரு லட்சம் பேர் அமரும் பிரையன்ட்-டென்னி மைதானத்தில் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் மட்டும் இந்தப் பக்கமே போகக் கூடாது. ஊரின் மக்கள்தொகையே ஏறத்தாழ அவ்வளவுதான். வெளியூர்க் கார்கள் மலைச்சரிவுச் சாலை முழுவதும் நிற்கும். வரிசையில் நிற்பவர்கள் பசியிலும் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள்.

மெர்சிடிஸ் ஆலைப் பணிக்காகக் குடும்பத்துடன் வந்தவர் எழுதுவது:

மேலே எழுதிய தம்பி டிரீம்லேண்டைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் உண்மை. ஆயினும் பிளாக் வாரியர் ஆற்றைக் கடந்து நார்த்போர்ட்டுக்கு வராமலேயே தீர்ப்பு எழுதிவிட்டார் என்று எனக்கு ஒரு சந்தேகம். என் கணவருக்கு வான்ஸில் இருக்கும் மெர்சிடிஸ் கார் ஆலையில் வேலை. 1997-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலையின் வழியாகத்தான் கல்லூரியோடு தொடர்பே இல்லாத எங்களைப் போன்ற குடும்பங்கள் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தன. வீடு நார்த்போர்ட்டில் அமைந்தது. ஆர்ச்சிபால்ட்ஸ் கடைக்குப் போவதற்கு எங்களுக்கு விளையாட்டும் விருந்தாளியும் காரணமாகத் தேவைப்படவில்லை.

ஜார்ஜ், பெட்டி ஆர்ச்சிபால்ட் என்ற கறுப்பினத் தம்பதியர் 1962-இல் தொடங்கிய கடை இது. பிறகு அவர்களுடைய பிள்ளைகள் நடத்தினார்கள். மார்ட்டின் லூதர் கிங் சாலையில், குடியிருப்பு வீடுகளுக்கு நடுவே, சிறிய கட்டடம், ஒரு புகைபோக்கி, வெளியே சில மர மேசைகள், இவ்வளவுதான். உள்ளே ஒரு பலகைத் திண்ணையை ஒட்டிக் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய முக்காலிகள். அவற்றில் இடம் கிடைத்தால் வெளியே போகாதீர்கள், ஏனென்றால் அடுப்பு அங்கிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

சமையல் எனக்குப் பிடித்த வேலை என்பதால், நான் சாப்பிட்டதைவிட அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததே அதிகம். அடுப்பைக் கவனிப்பவர் இரும்புக் கதவைத் தூக்கியதும் அனல் முகத்தில் அறையும். ஹிக்கரிக் கட்டைகள் ஒரு பக்கம் எரிந்து தணலாகும். அந்தத் தணலை நீண்ட மண்வாரியால் கறியின் அடியில் பரப்புவார். கொழுப்பு சொட்டித் தீ குப்பென்று எழும்பும் இடத்தில் மட்டும் தண்ணீரைத் தெளிப்பார். எழும்பாத இடத்தில் ஒரு சொட்டும் விழாது. கடிகாரமோ வெப்பமானியோ பார்த்து நான் கண்டதில்லை. எலும்பின் நுனியில் கறி எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று பார்த்து, இடுக்கியால் ஒரு முனையைத் தூக்கி அது வளையும் விதத்தைப் பார்த்து எடுப்பார். நம் ஊரில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துச் சூட்டை அறிவதைப் போன்ற அறிவுதான் அதுவும். ஒருநாள் தயங்கித் தயங்கி, விறகு ஈரமாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஈர விறகை உள்ளே விட்டால்தானே என்பதுபோல் சிரித்துவிட்டு, பின்பக்கம் அடுக்கியிருந்த கட்டைகளைக் கொண்டுபோய்க் காட்டினார்.

ரிப்ஸைப் போலவே இங்கே பன்றித் தோள்கறியும் பெயர் பெற்றது. பல மணி நேரம் வெந்த கறியை நார் நாராகப் பிய்க்காமல் துண்டு போட்டுத் தருகிறார்கள். வெளிப்பக்கத்துக் கரிய பகுதி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது புத்திசாலித்தனம். சாஸ் மெல்லியது, ஆரஞ்சு நிறம், வினிகர் தூக்கலாக இருக்கும், காரமும் உண்டு. தக்காளிச் சாஸின் இனிப்பை எதிர்பார்த்து வருகிறவர்கள் முதல் கடியில் முகம் சுளிப்பார்கள்; புளிக்கும் காரத்துக்கும் பழகிய நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. ரொட்டி இங்கும் கடைகளில் உறை போட்டு விற்கும் அதே சாதாரண வெள்ளை ரொட்டிதான். துணைக்கு ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு சிப்ஸ் இருந்தால் போதும். அலபாமாவின் பர்மிங்காம் நகரில் 1923-இல் தொடங்கிய கோல்டன் ஃபிளேக் நிறுவனத்தின் சிப்ஸாக அது இருந்தால் உள்ளூர்க்காரர்கள் கூடுதலாக மகிழ்வார்கள், ஏனென்றால் பிரையன்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுத்த நிறுவனம் அது.

என் மாமியார் சுத்த சைவம். அவர் வந்திருந்தபோது பார்பிக்யூ கடைகளில் காய்கறி கேட்டுப் பார்த்ததில் தெரிந்துகொண்ட விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்: தென் மாநிலங்களில் கீரையும் பீன்ஸும் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பிலோ உப்புக்கண்டத்திலோதான் வேகின்றன. கேட்காமல் வாங்காதீர்கள். முட்டைக்கு ஆட்சேபம் இல்லாதவர்கள் வாழைப்பழ புட்டிங்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சட்டக் கல்லூரியில் பயின்றவர் எழுதுவது:

அக்கா சொன்ன ஆண்டுகளைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது. டிரீம்லேண்ட் 1958, ஆர்ச்சிபால்ட்ஸ் 1962. அலபாமா பல்கலைக்கழகத்தின் வாசலில் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் நின்று கறுப்பின மாணவர்களைத் தடுக்க முயன்றதும், அதையும் மீறி விவியன் மலோனும் ஜேம்ஸ் ஹூடும் சேர்ந்ததும் 1963 ஜூன் 11-இல். அதாவது, இவ்விரண்டு கடைகளையும் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் இடமில்லாத காலத்தில்தான் இவை தொடங்கின. அமெரிக்கத் தெற்கின் பார்பிக்யூ வரலாறு முழுவதிலும் அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்களே. ஆனால் கடையில் உட்கார்ந்து சாப்பிடும் உரிமை அவர்களுக்கு எல்லா இடங்களிலும் இருந்துவிடவில்லை.

அரசியலமைப்புச் சட்ட வகுப்பில் பார்பிக்யூ கடை வழக்கு ஒன்றைப் படித்தோம். பர்மிங்காமில் இருந்த ஆலீஸ் பார்பிக்யூ 220 பேர் அமரக்கூடிய குடும்ப உணவகம். ஊழியர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர்கள். வாடிக்கையாளராக வரும் கறுப்பினத்தவருக்கோ பொட்டலம் கட்டித் தருவார்களே தவிர, மேசையில் இடம் தர மாட்டார்கள். பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்து 1964-இல் வந்த குடிமை உரிமைகள் சட்டம் உள்ளூர்க் கடையான தங்களைக் கட்டுப்படுத்தாது என்று உரிமையாளர்கள் வழக்காடினார்கள். உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பர் 14-இல் ஒருமனதாக அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதில் என்னை வியக்கவைத்தது கறிக் கணக்கு. கடை அதற்கு முந்தைய ஓராண்டில் வாங்கிய ஏறத்தாழ 1,50,000 டாலர் மதிப்புள்ள பொருள்களில் 69,683 டாலர், அதாவது 46 விழுக்காடு, மாநிலத்துக்கு வெளியிலிருந்து வந்த இறைச்சி. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை நாடாளுமன்றம் ஒழுங்குபடுத்தலாம். ஆகவே அந்த இறைச்சியை விற்கும் கடையையும் ஒழுங்குபடுத்தலாம் என்பது வாதம். மனித மாண்பைப் பற்றிய வழக்கு கறி எங்கிருந்து வந்தது என்பதில் வந்து முடிந்ததை என்னால் இன்றும் முழு மனதோடு ஏற்க முடியவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் கைக்குக் கிடைத்த உறுதியான ஆயுதம் அதுதான் என்பதும் உண்மை.

அந்த வகுப்பு முடிந்த பிறகு, பர்மிங்காமைச் சேர்ந்த கறுப்பின வகுப்புத் தோழர் ஒருவரோடு ஆர்ச்சிபால்ட்ஸுக்குப் போயிருந்தேன். அவருடைய பாட்டி அந்தக் காலத்தில் வெள்ளையர் கடைகளின் பின்பக்க சன்னலில் நின்று பொட்டலம் வாங்கியவர். தீர்ப்பு வந்த பிறகும் அவற்றுக்குள் போய் உட்கார மறுத்துவிட்டாராம். அனுமதி கிடைத்துவிட்டது என்பதற்காகப் போய் உட்கார்ந்து அவர்களுக்கு வியாபாரம் செய்து கொடுக்க வேண்டுமா என்று கேட்பாராம். தோழர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு பாட்டிக்கு என்று தனியாக ஒரு பொட்டலம் கட்டச் சொல்லி, வெளிக் கருகல் அதிகம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

பொறியியல் முதுகலை படித்தவரின் மறுமொழி:

அக்காவின் சந்தேகம் நியாயமானது. ஆற்றைக் கடந்து போயிருக்கிறேன். தோள்கறியைப் பொறுத்தவரை ஆர்ச்சிபால்ட்ஸ்தான் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ரிப்ஸ் விஷயத்தில் மட்டும் என் கட்சியை மாற்றிக்கொள்வதாக இல்லை. டஸ்கலூசா வழியாகப் போகும் நண்பர்கள் மதியம் ஒன்றிலும் மாலை மற்றொன்றிலும் சாப்பிடலாம். இரண்டுக்கும் நடுவே ஆறும் சில மைல் தூரமும்தான். வட அலபாமா வரை போகிறவர்கள் டிகேட்டர் நகரில் 1925 முதல் இருக்கும் பிக் பாப் கிப்சன் கடையில் கோழியைக் கேளுங்கள். மயோனைஸ், வினிகர், மிளகு கலந்த வெள்ளைச் சாஸில் முழுக் கோழியையே முக்கி எடுத்துத் தருகிறார்கள். பன்றிக்கறி தின்னாத நண்பர்களை அழைத்துக்கொண்டு போக அதைவிடத் தோதான இடம் அந்த மாநிலத்தில் எனக்கு வாய்க்கவில்லை.