கொல்லை மண்ணின் அமிலத்தன்மையைச் சரியாக அளப்பது எப்படி?

கேள்வி: ரெங்கம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். ஜோகூர், ரெங்கத்தில், முன்பு செம்பனை நின்ற நிலத்தில் எழுந்த ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். வீட்டின் பின்னால் பத்தடிக்கு இருபதடி கொல்லை உள்ளது. வெண்டை, கத்தரி, பயற்றங்காய் என்று மூன்று முறை நட்டுவிட்டேன். விதை நன்றாகத்தான் முளைக்கிறது; நான்கு இலை விட்டதும் செடி அப்படியே நின்றுவிடுகிறது. சென்ற வாரம் ஒரு வெண்டைச் செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பார்த்தேன். நீண்டு ஓட வேண்டிய வேர், நுனி தடித்துப் பழுப்பேறி, தேய்ந்துபோன விளக்குமாறு போலக் கட்டையாக இருந்தது.

இணையக் கடையில் வாங்கிய மூன்று முனைக் கருவியை எங்கே குத்தினாலும், முள் 7-இலேயே நிற்கிறது. மண்ணின் அமிலத்தைக் குறைக்கப் பக்கத்து வீட்டு அக்கா சுண்ணாம்பு போடச் சொல்கிறார். கருவி நடுநிலை என்று காட்டும்போது சுண்ணாம்பைக் கொட்டத் தயக்கமாக இருக்கிறது. நான் எதை நம்புவது?

பதில் 1: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், குளுவாங்

சகோதரி, வேரை நம்புங்கள். பிஎச் என்பது அமிலத்தைக் காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே போனால் அமிலம். அது 5-க்குக் கீழே இறங்கும்போது மண்ணில் உள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்கும். நீங்கள் கண்டது அதன் அடையாளமாகவே எனக்குத் தோன்றுகிறது. நம் பக்கத்து மண்ணுக்கு இது புதிதும் அன்று. கிரானைட் பாறை சிதைந்து உண்டான ஒரு மண் வகைக்கு மண்ணியலாளர்கள் உங்கள் ஊரின் பெயரையே வைத்து 'ரெங்கம் வகை' என்கிறார்கள். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அடித்துக்கொண்டு போய்விடுவதால், இத்தகைய மண் இயல்பிலேயே அமிலம் மிகுந்தது.

மின்கலம் இல்லாத அந்தக் கருவி, இருவேறு உலோக முனைகள் ஈர மண்ணில் உண்டாக்கும் சிறு மின்னோட்டத்தைத்தான் முள்ளின் அசைவாகக் காட்டுகிறது. மண் உலர்ந்திருந்தால் முள் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும். முனையில் துரு படிந்திருந்தாலும் அப்படித்தான். ஒரு கோப்பை ஈர மண்ணில் சிறிது வினிகரைக் கலந்து குத்திப் பாருங்கள். அப்போதும் 7-ஐ விட்டு நகரவில்லை என்றால் அதை ஒதுக்கிவிடலாம்.

பிஎச் தாள் வாங்குங்கள். 1 முதல் 14 வரை காட்டும் தாளில் நிறங்களைப் பிரித்தறிவது கடினம் என்பதால், ஏறத்தாழ 4 முதல் 7 வரை மட்டும் நுணுக்கமாகக் காட்டும் தாள் நல்லது. நிழலில் உலர்த்தி, கல்லும் வேரும் நீக்கிச் சலித்த மண் 20 கிராம், காய்ச்சி வடித்த நீர் 50 மில்லி. நன்றாகக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரில் மட்டும் தாளை நனைத்துப் பகல் வெளிச்சத்தில் நிறத்தை ஒப்பிடுங்கள். குழாய் நீர் வேண்டவே வேண்டாம். அதில் கரைந்திருக்கும் உப்புகள் அளவை மாற்றிவிடும். ஓர் எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்; 7-க்கும் 5-க்கும் இடையே நூறு மடங்கு வேறுபாடு இருக்கிறது.

பதில் 2: செம்பனைத் தோட்டத்தில் உரப் பணியைக் கண்காணித்தவர்

ஆசிரியர் ஐயா அளக்கும் முறையைச் சொல்லிவிட்டார். எந்த மண்ணை எடுப்பது என்பதை நான் சொல்கிறேன். செம்பனையை ஏறக்குறைய முப்பது அடி இடைவெளியில் நடுவோம். உரத்தை மரத்தடி வட்டத்தில் போடுவோம்; வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு நடுவே அடுக்குவோம். ஆண்டுக்கணக்கில் அமோனியம் சல்ஃபேட் விழுந்த வட்டத்து மண் நன்றாகப் புளித்துப்போயிருக்கும். மட்டை மக்கிய இடம் அப்படி இருக்காது. அதன் மேல், தாமான் கட்டியபோது மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பியிருப்பார்கள். ஆகவே உங்கள் கொல்லையில் பத்தடிக்குள்ளேயே இரண்டு மூன்று விதமான மண் இருக்கக்கூடும்.

ஒவ்வொரு பாத்தியிலும் ஏழெட்டு இடங்களில், மேலே கிடக்கும் குப்பையை ஒதுக்கிவிட்டு, அரையடி ஆழம்வரை மண் எடுத்து ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு பிடியைச் சோதியுங்கள். சுவரோரத்து மண்ணைத் தனியே வையுங்கள், அம்மா. அங்கே சிமெண்டும் பூச்சும் உதிர்ந்து கலந்திருக்கும்.

பதில் 3: ஓர் இல்லத்தரசி, சிம்பாங் ரெங்கம்

தாளுக்குப் பதிலாக மஞ்சள் நீரையோ சங்குப்பூ நீரையோ பயன்படுத்தலாமா? சங்குப்பூ நீரில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பதில் 4: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், குளுவாங்

அருமையான கேள்வி. ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, அது காரத்தின் வேலை. அமில மண்ணில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். எனவே அது இங்கே உதவாது. சங்குப்பூ அமிலத்தைக் காட்டும். ஆனால் எலுமிச்சையைப் போன்ற கடும் அமிலத்தில்தான் தெளிவாக இளஞ்சிவப்பாகும். நமக்கு வேண்டிய 4.5-க்கும் 6-க்கும் இடையே நீலமும் ஊதாவுமாக மயங்கி நிற்பதால், அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

ரெங்கம் வாசகி

ஐயா இருவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்தேன். நடுப் பாத்தியிலும் வேலியோரப் பாத்தியிலும் தாள் 4.5-க்கு அருகில் நின்றது. சுவரோரத்து மண்ணில் தாள் தன் எல்லையான 7-ஐத் தொட்டுவிட்டது. அந்த மண்ணில் சில துளி வினிகர் விட்டபோது, சின்னஞ்சிறு குமிழிகள் நுரைத்து எழுந்ததைக் கண்ணால் கண்டேன். கருவியை நான் பெரும்பாலும் சுவரோரத்தில்தான் குத்தி வந்திருக்கிறேன் என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. இனி எவ்வளவு சுண்ணாம்பு போடுவது?

பதில் 5: செம்பனைத் தோட்டத்தில் உரப் பணியைக் கண்காணித்தவர்

நுரைத்தது பழைய சிமெண்டுப் பூச்சு. அந்த இடத்தில் சுண்ணாம்பு ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள்.

மற்ற இரண்டு பாத்திகளுக்கும் உரக்கடையில் கிடைக்கும் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் வகைத் தூளை வாங்குங்கள். கால்சியத்தோடு மெக்னீசியமும் சேர்ந்து வரும். வெற்றிலைக்குத் தடவும் நீற்றுச் சுண்ணாம்பு வேகம் மிகுந்தது. கை தவறினால் இளவேரைச் சுட்டுவிடும். சதுர மீட்டருக்கு 200 கிராம் என்பது ஹெக்டேருக்கு இரண்டு டன் கணக்கு. அப்படியானால் நான்கடிக்குப் பத்தடி பாத்திக்கு முக்கால் கிலோ போதும். தூவிவிட்டு மேலோடு நிறுத்தாமல் அரையடி ஆழம்வரை கொத்திக் கலக்க வேண்டும். டோலமைட் மெல்லக் கரைவது, தானாகக் கீழே இறங்காது. யூரியாவையோ அமோனியம் சல்ஃபேட்டையோ அதே நாளில் போட்டால் தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும். சில வாரங்கள் இடைவெளி விடுங்கள்.

ஒரு மாதம் கழித்து நடலாம். இரண்டு மூன்று மாதத்தில் அதே தாளால் மீண்டும் அளந்து, 5.5-ஐத் தாண்டவில்லை என்றால் மட்டும் இன்னொரு பங்கு போடுங்கள். முடிந்தால் ஒரு மாதிரியை மாவட்ட விவசாய அலுவலகத்தில் காட்டி ஆய்வுக்கு அனுப்பக் கேளுங்கள். எந்த அளவு மணிச்சத்து (பாஸ்பரஸ்) கிடைக்கிறது என்பதைத் தாள் சொல்லாது. அதுவரை கொல்லை சும்மா கிடக்க வேண்டாம் என்றால், வேலியோரத்தில் ஒரு பகுதியைச் சுண்ணாம்பு போடாமல் விட்டு மரவள்ளியும் அன்னாசியும் வையுங்கள். அவை இரண்டும் இந்தப் புளிப்பைத் தாங்கும்.