ஒன்டாரியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எம்.ஐ. முறையில் தேர்ந்த ஆன்லைன் தெரபிஸ்டைக் கண்டுபிடிப்பது எப்படி

கனடாவுக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டுகளுக்குள் நம்மவர் பலருக்கு ஏதேனும் ஒரு பழக்கம் கைமீறிப் போய்விடுவதை டொரண்டோவில் பார்த்து வருகிறேன். கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்து வருபவர் தூக்கத்துக்காகத் தொடங்கிய மது நாள் தவறாத வழக்கமாகிவிடுகிறது. ஒன்டாரியோவில் 2022 ஏப்ரல் முதல் தனியார் நிறுவனங்களும் உரிமம் பெற்று ஆன்லைன் சூதாட்டம் நடத்துவதால், கைப்பேசியிலேயே சம்பளத்தை இழப்பவர்களும் இருக்கிறார்கள். ஊரில் ஒழுங்காகச் சாப்பிட்டுவந்த சர்க்கரை மாத்திரையை இங்கே வந்தபின் விட்டுவிட்டவர்களும் உண்டு. இவர்களில் பெரும்பாலோருக்கு மாற வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது, மாற முடியாது என்ற எண்ணமும் இருக்கிறது. இப்படி இரு மனமாக இருப்பவர்களுக்கென்றே உருவானதுதான் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்னும் உரையாடல் முறை. சுருக்கமாக எம்.ஐ. என்பார்கள். அதில் உண்மையான தேர்ச்சி உள்ள ஒருவரை ஆன்லைனில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை, குறிப்பாக ஒன்டாரியோவில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், குடிப்பழக்கம் உள்ளவர்களோடு பேசும் முறை பற்றி 1983-இல் எழுதிய கட்டுரையிலிருந்து இது தொடங்கியது. பின்னர் ஸ்டீஃபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991-இல் அவர் இதை நூலாக்கினார். இதன் அடிப்படை நம் வீடுகளில் எல்லோரும் கண்டதுதான். குடிக்கும் ஒருவரிடம் "விட்டுவிடு" என்று அண்ணனோ மாமனாரோ சொல்லச் சொல்ல, அவர் "அப்படி என்ன குடித்துவிட்டேன், ஒரு நாளாவது வேலைக்குப் போகாமல் இருந்தேனா" என்று மறுபக்கத்துக்காக வாதாடத் தொடங்குகிறார். வாதாட வாதாடத் தன் பேச்சையே அவர் நம்பவும் செய்கிறார். எம்.ஐ. தெரபிஸ்ட் அந்த வாதத்துக்கு இடமே கொடுப்பதில்லை. மாற வேண்டியதற்கான காரணங்களை அந்த மனிதரின் வாயிலிருந்தே வரவழைத்து, அவர் சொன்னதை அவருக்கே திரும்பக் கேட்கவைத்து, முடிவையும் அவரிடமே விடுகிறார்.

இது குறுகிய காலச் சிகிச்சை என்பது புதிதாக வந்தவர்களுக்குப் பெரிய வசதி. அமெரிக்காவில் குடிப்பழக்கம் உள்ள 1,726 பேரை வைத்து நடத்தி 1997-இல் முதன்மை முடிவுகளை வெளியிட்ட 'புராஜெக்ட் மேட்ச்' என்னும் ஆய்வில், எம்.ஐ.யை ஒட்டி அமைந்த 4 அமர்வுகள் பெற்றவர்கள், வேறு முறைகளில் 12 அமர்வுகள் பெற்றவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே முன்னேறினார்கள். சிறிய நிறுவனங்கள் சிலவற்றின் காப்பீடு ஆண்டுக்கு 500 டாலர் மட்டுமே மனநலத்துக்கு ஒதுக்கும் ஊரில், நான்கு அமர்வுகளில் பயன் தெரியக்கூடிய முறை என்பது சிறிய செய்தி அல்ல.

தேடலைத் தொடங்குமுன் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நாள்தோறும் அதிகமாகக் குடித்துவந்து, காலையில் கை நடுக்கமோ வியர்வையோ இருந்தால், மருத்துவரைப் பார்க்காமல் திடீரென நிறுத்தாதீர்கள். வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஒன்டாரியோவில் 'ராம்' கிளினிக் எனப்படும், மது, போதைச் சிகிச்சைக்கான விரைவு அனுமதி மையங்களுக்கு மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமலே போகலாம், மாகாண அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் அட்டை இருந்தால் செலவும் இல்லை. குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகளும் அங்கே எழுதித் தருவார்கள். அதேபோல், போரின் நினைவுகளோ பழைய வன்முறையோதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் எம்.ஐ. மட்டும் போதாது, அந்தக் காயத்துக்கான தனிச் சிகிச்சை தெரிந்தவர் தேவை. இலங்கையிலிருந்து வந்தவர்கள் இதைத் தெரபிஸ்டிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இனி தேடும் வழிக்கு வருவோம். ஒன்டாரியோவில் 'சைக்கோதெரபிஸ்ட்' என்ற பட்டத்தை 2015 முதல் எல்லோரும் போட்டுக்கொள்ள முடியாது. ஆர்.பி. என்று சுருக்கமாக எழுதப்படும் பதிவுபெற்ற சைக்கோதெரபிஸ்டுகள் சி.ஆர்.பி.ஓ. என்ற ஒழுங்குமுறைக் கல்லூரியின் (தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பின்) கீழ் வருகிறார்கள். உளவியலாளர்களுக்கும் சமூகப்பணியாளர்களுக்கும் தனித்தனிக் கல்லூரிகள் உண்டு. இந்த மூன்றின் பதிவேடுகளும் இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கின்றன, எனவே பெயரை இட்டு உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பெயருக்குப் பின்னால் 'குவாலிஃபையிங்' என்றிருந்தால் அவர் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பணிசெய்கிறார் என்று பொருள். அதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். பெரும்பாலும் கட்டணம் குறைவு, அமர்வுகளைப் பற்றி மேற்பார்வையாளரிடம் தவறாமல் கலந்து பேசுகிறவர்களும் இவர்களே. 'கோச்', 'கவுன்சலர்' என்ற பெயர்களுக்கு மட்டும் இங்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதால், அவற்றைப் போட்டிருப்பவர் வேறு பதிவும் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். மற்ற மாகாணங்களில் இருப்பவர்கள் தங்கள் மாகாணத்து உளவியலாளர், சமூகப்பணியாளர் பதிவேடுகளிலிருந்து தொடங்கலாம். நீங்கள் எந்த மாகாணத்தில் உட்கார்ந்து பேசுகிறீர்களோ, அங்கே பணிசெய்ய அவருக்கு அனுமதி இருக்க வேண்டும்.

பெயர்களைத் திரட்டுவதற்கு 'சைக்காலஜி டுடே' இணையதளம் எளிது. மாகாணம், ஆன்லைன் வசதி, மொழி, சிகிச்சை முறை என்று வடிகட்டும் வசதி அதில் இருக்கிறது. ஆனால் அங்கே உள்ள விவரங்களைத் தெரபிஸ்டுகளே நிரப்புகிறார்கள். ஒருவர் பத்துப் பன்னிரண்டு முறைகளில் டிக் அடித்திருப்பார், அவற்றுள் எம்.ஐ.யும் ஒன்றாக இருக்கும். எனவே அந்தப் பட்டியலிலிருந்து நான்கைந்து பேரை எடுத்துக்கொண்டு, உண்மையான சோதனையை முதல் தொலைபேசி உரையாடலுக்கு ஒதுக்குங்கள். பெரும்பாலானவர்கள் 15 நிமிடம் இலவசமாகப் பேசுவார்கள்.

அந்த உரையாடலில் முதலில் கேட்க வேண்டியது பயிற்சியைப் பற்றி. "எம்.ஐ. எங்கே கற்றீர்கள்? கற்றபின் உங்கள் அமர்வின் ஒலிப்பதிவை யாராவது கேட்டுக் குறைநிறை சொல்லியிருக்கிறார்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். இரண்டு நாள் பயிலரங்கோடு நிறுத்தியவர்களைவிட, அதன்பின் ஒலிப்பதிவின் பேரில் கருத்தும் வழிகாட்டலும் பெற்றவர்களுக்குத் திறமை கூடுகிறது என்பதை மில்லரும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வே காட்டியிருக்கிறது. எம்.ஐ. அமர்வுகளை அளப்பதற்கென்று 'மிட்டி' என்ற மதிப்பீட்டு முறை இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னவுடன் புரிந்துகொண்டு பேசுபவர் இத்துறையில் ஆழமாகப் போயிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். எம்.ஐ. கற்பிக்கும் பயிற்சியாளர்களுக்கான பன்னாட்டு அமைப்பான 'மின்ட்' தன் உறுப்பினர் பட்டியலை வெளியிடுகிறது. அதில் உள்ள எல்லோரும் நோயாளிகளைப் பார்ப்பதில்லை, ஆனால் தேடிவந்த பெயர் அதில் இருந்தால் நல்ல அறிகுறி.

அடுத்ததாக, உங்கள் பிரச்சினையை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, "மனைவி சண்டை போடுகிறாள் என்பதால்தான் அழைத்தேன். வேலை முடிந்து வந்து இரண்டு பெக் போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் உடனே, "மது தூக்கத்தைக் கெடுக்கும் என்பது தெரியுமா? படுக்கும் முன் பால் குடித்துப் பாருங்கள், இந்தச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்" என்பார். நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் அவர் செய்வது எம்.ஐ. அல்ல. இன்னொருவர், "தூக்கத்துக்கு அது உதவுவதாகத் தோன்றுகிறது; அதே நேரத்தில் வீட்டில் அதனால் வரும் சண்டை உங்களையும் உறுத்துகிறது" என்று சொல்லிவிட்டு நிறுத்துவார். அந்த மௌனத்தில் நீங்களே, "ஆமாம், பிள்ளை வேறு பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்று தொடர்வீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார். மிட்டி மதிப்பீட்டில், கேள்விகளுக்குச் சமமான அளவிலாவது இப்படிச் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் வாக்கியங்கள் இருக்க வேண்டும், கேள்விகளைப்போல் இரு மடங்கு இருந்தால் நல்ல தரம் என்று வைத்திருக்கிறார்கள். பதினைந்து நிமிட அழைப்பிலேயே இதை ஓரளவு உணர்ந்துகொள்ள முடியும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. "குறைத்துக்கொள்வது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10 வரை சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். நீங்கள் 4 என்றால், தேர்ந்தவர் "ஏன் 8 இல்லை?" என்று கேட்க மாட்டார், "ஏன் 2 என்று சொல்லாமல் 4 என்றீர்கள்?" என்றுதான் கேட்பார். முதல் கேள்விக்கு நாம் சாக்குகளை அடுக்குவோம். இரண்டாவதற்குக் காரணங்களைத் தேடிச் சொல்ல வேண்டியிருக்கும்.

நம்மவர்கள் இங்கே தடுமாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பெரியவர் என்றால் புத்திமதி சொல்ல வேண்டும், டாக்டர் என்றால் இதைச் செய், அதைச் செய்யாதே என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். காசு கொடுத்து உட்கார்ந்தால் நாம் சொன்னதையே திருப்பிச் சொல்கிறாரே என்று முதல் அமர்வோடு விட்டுவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். தகவலோ ஆலோசனையோ வேண்டுமென்றால் வெளிப்படையாகக் கேளுங்கள். எம்.ஐ. தெரபிஸ்ட் அதை மறைப்பதில்லை. உங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டு, உங்கள் அனுமதியோடு தேவையானதைச் சொல்லி, அதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மறுபடி உங்களிடமே வருவார்.

மொழியைப் பற்றி என் கருத்து உறுதியானது. பயிற்சித் தாள்களை வைத்து நடத்தும் சிகிச்சைகளை ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம். எம்.ஐ. முழுக்க முழுக்க உங்கள் சொற்களின் மேல் நடப்பதால், நீங்கள் எந்த மொழியில் மனத்துக்குள் சண்டை போட்டுக்கொள்கிறீர்களோ அந்த மொழியில் பேசுவதே பலன் தரும். தமிழ் தெரிந்த தெரபிஸ்டுகள் டொரண்டோ பகுதியில் இருக்கிறார்கள். ஆன்லைன் என்பதால் தண்டர் பேயில் இருப்பவரும் ஸ்கார்பரோவில் உள்ளவரிடம் பேசலாம். யாழ்ப்பாணத் தமிழோ மதுரைத் தமிழோ, இரு தரப்புக்கும் சரளமாக இருக்கிறதா என்று முதல் அழைப்பிலேயே தெரிந்துவிடும். நம் சமூகம் சிறியது, கோயிலிலோ கல்யாணத்திலோ அவரை எதிர்கொள்ள நேரிடும் என்ற அச்சம் இருந்தால் அதையும் அவரிடமே கேளுங்கள். வெளியில் கண்டால் நீங்களாக வணக்கம் சொன்னாலொழிய அவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் போவது போன்ற ஏற்பாட்டை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.

சென்னையிலோ கொழும்பிலோ இருக்கும் ஆலோசகரிடம் வாட்ஸ்அப்பில் பேசினால் கட்டணம் குறையுமே என்று பலர் கேட்கிறார்கள். குறையும் என்பது உண்மை. ஆனால் அவர் இங்குள்ள பதிவேட்டில் இல்லாதபோது காப்பீடு பணம் தராது, இங்கே புகார் செய்ய இடமில்லை, நள்ளிரவில் நெருக்கடி என்றால் உங்கள் ஊரில் எங்கே அனுப்புவது என்பதும் அவருக்குத் தெரியாது. இதனால், பழக்கம் சார்ந்த சிக்கலுக்கு இங்குள்ள குவாலிஃபையிங் நிலைத் தெரபிஸ்டே மேல் என்பது என் முடிவு.

கட்டணத்தைப் பொறுத்தவரை, தனியார் சைக்கோதெரபிக்கு ஓஹிப் பணம் தருவதில்லை. ஆர்.பி. ஒருவர் அமர்வுக்கு 120 முதல் 180 டாலர் வரை கேட்பது வழக்கம், 2024 ஜூன் முதல் அதற்கு எச்.எஸ்.டி. வரி இல்லை. நிறுவனக் காப்பீட்டின் கையேட்டில் ஆர்.பி. என்ற வகை இடம்பெற்றிருக்கிறதா என்று அமர்வுக்கு முன்பே பாருங்கள், சில திட்டங்கள் உளவியலாளர், சமூகப்பணியாளர் ரசீதுகளை மட்டுமே ஏற்கின்றன. பணமே இல்லாத நிலையில், போதை, சூதாட்டம், மனநலம் ஆகியவற்றுக்கான இலவசச் சேவைகளை எந்த நேரத்திலும் 'கனெக்ஸ்ஒன்டாரியோ'வின் 1-866-531-2600 எண்ணில் கேட்டறியலாம்; மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சொல்லலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 9-8-8 எண்ணை அழையுங்கள்.

பேசுவதற்கான இடமும் முக்கியம். அடித்தள வீடுகளில் வெப்பக் காற்று வரும் குழாய் வழியே கீழே பேசுவது மேல்தளத்து அறையில் தெளிவாகக் கேட்கும். அறைக் கதவைச் சாத்தினால் போதும் என்று எண்ணாதீர்கள். நிறுத்திவைத்த காரில் உட்கார்ந்து இயர்போனில் பேசுகிறவர்கள் நிறையப் பேர், தெரபிஸ்டுகளும் அதற்குப் பழகியவர்கள்தான். தொடக்கத்தில் அவர் நீங்கள் இருக்கும் முகவரியைக் கேட்பார். ஆபத்து என்றால் உதவி அனுப்புவதற்காகவே அதைக் கேட்கிறார்.

இது பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பத்தைப் பாதிக்குமோ என்று அஞ்சி அழைக்காமலே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். தெரபிஸ்ட் உங்கள் அமர்வுகளைப் பற்றிக் குடிவரவுத் துறைக்குத் தகவல் அனுப்புவதில்லை. ஒன்டாரியோவின் 2004-ஆம் ஆண்டு நலத் தகவல் பாதுகாப்புச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்துகிறது. குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்ற சந்தேகம், ஒருவர் உயிருக்கு உடனடி ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற விதிவிலக்குகளை முதல் அமர்விலேயே அவர் விளக்க வேண்டும். விளக்காவிட்டால் கேளுங்கள்.

கணவருக்காக மனைவி நேரம் வாங்கி வைப்பதால் பலன் இல்லை, அவர் வர மறுத்தால் தெரபிஸ்டால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட நிலையில் மனைவி தனக்காகவே ஒரு தெரபிஸ்டைப் பார்க்கலாம். சண்டையில்லாமல் வீட்டாரைச் சிகிச்சையை நோக்கி நகர்த்தக் குடும்பத்தினருக்குக் கற்றுத்தரும் 'கிராஃப்ட்' என்ற முறை தெரிந்தவரா என்று விசாரியுங்கள்.

இரண்டு அமர்வுகள் முடிந்தபின்னும் அவரே அதிகம் பேசுகிறார், நீங்கள் தற்காத்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்று பட்டால், அதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். தேர்ந்தவர் அதைக் கேட்டுப் போக்கை மாற்றிக்கொள்வார். மாற்றாவிட்டால் காப்பீட்டில் மீதமிருக்கும் தொகை தீருமுன், பட்டியலில் அடுத்திருப்பவரை அழைத்து நேரம் வாங்குங்கள்.