அப்பா குடித்ததே இல்லை, ஆனாலும் கல்லீரல் புற்றுநோய். இப்போது எனக்கும் தங்கைக்கும் பாசிட்டிவ்

நாகலூர்_மிளகு:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் வீடு. அப்பா காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தார். போன தை மாதம் கல்லீரல் புற்றுநோயில் போய்விட்டார். வலது விலாவுக்குக் கீழே வலி, பசியில்லை என்றுதான் ஆரம்பித்தது. வயிறு வீங்கி, கண் மஞ்சளான பிறகுதான் கீழே சேலத்துக்குக் கூட்டிப்போனோம். கட்டி ரத்தக் குழாய்க்குள் இறங்கிவிட்டது, இனி ஆபரேஷன் முடியாது என்றார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலிலேயே "எல்லாம் குடிதான்" என்று பேசினார்கள். அவர் கள்கூடத் தொட்டதில்லை. டாக்டர் சொன்ன காரணம் ஹெபடைடிஸ் பி வைரஸ். வீட்டில் எல்லோரும் ரத்தம் பார்க்கச் சொன்னார். எனக்கும் தங்கைக்கும் பாசிட்டிவ், தம்பிக்கு இல்லை. எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது, இப்போதும் மூட்டை தூக்குகிறேன். எங்களுக்கும் புற்றுநோய் வருமா? அம்மா தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்வதா, வேண்டாமா?

கொலுசுக்காரி:

தம்பி, முதலில் ஒரு கேள்வி. அம்மாவுக்கு ரத்தம் பார்த்தீர்களா? அப்பாவை மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்துதான் வருகிறது. பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு உடம்பிலேயே தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

எனக்கும் இருக்கிறது. சிவதாபுரத்தில் வீட்டிலேயே கொலுசு பற்றவைக்கிற வேலை. மூத்தவன் வயிற்றில் இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. ஒரு நர்சம்மா வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கத்திச் சொன்னார், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. ஆனால் பையன் பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், உடனடிப் பாதுகாப்புக்கான இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டார்கள். அவனுக்கு இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். இந்த வைரஸ் கல்லீரல் செல்லின் மரபணுவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஈரல் தழும்பேறிச் சுருங்காதவர்களுக்கும் சிலசமயம் கட்டி வரும். ஹெபடைடிஸ் சி வைரஸ், சாராயம், சர்க்கரை நோயும் தொப்பையும் கூட்டிவருகிற கொழுப்பு ஈரல், இவையெல்லாம் பெரும்பாலும் ஈரலைச் சுருக்கிவிட்டுத்தான் புற்றுநோய்க்குப் போகும். குடித்தால்தான் ஈரல் கெடும் என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மூட்டை தூக்குகிறேன் என்கிறீர்களே, அதை நம்பி உட்காராதீர்கள். சின்னக் கட்டி வலிக்கவே வலிக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் அல்ட்ராசவுண்ட், கூடவே கட்டி இருந்தால் காட்டிக்கொடுக்கக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனை. எந்த வயதில் தொடங்குவது என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்பாவுக்கு இருந்ததால் உங்களுக்குச் சீக்கிரமே தொடங்கச் சொல்லலாம். என் அண்ணனுக்கும் இந்த வைரஸ்தான். போன வருஷம் இப்படிப் போன ஒரு ஸ்கேனில்தான் 2 செ.மீ. கட்டி தெரிந்தது. மருந்து ஏற்றி சி.டி. எடுத்தார்கள். கட்டி முதலில் பளிச்சென்று தெரிந்து, பிறகு மங்குகிற விதத்தை வைத்தே உறுதி செய்துவிட்டார்கள், சதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஊசி போன்ற கம்பியை உள்ளே விட்டுச் சூட்டில் கருக்கினார்கள். இப்போது தறிக்குப் போகிறான்.

கட்டியின் அளவு நிறைய விஷயங்களை முடிவு செய்கிறது. ஒரே கட்டி 5 செ.மீ.க்குள், அல்லது மூன்று வரை ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் இருந்தால் மாற்று ஈரல் பற்றியே பேசலாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் அதைச் செய்கிறார்கள். அதைத் தாண்டினால் கட்டிக்குப் போகிற ரத்தக் குழாயில் மருந்தைச் செலுத்தி அடைப்பது, அப்புறம் மாத்திரை, நோய் எதிர்ப்பைத் தூண்டும் ஊசி. உங்கள் அப்பாவுக்கு நேர்ந்ததுபோல் குழாய்க்குள் இறங்கிவிட்டால் கத்தியை எடுப்பது அரிது.

லீபஜார்_மண்டி:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கடலை, மக்காச்சோளம் ஈரத்தில் கிடந்து பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். அதுவும் ஈரல் புற்றுநோய்க்குக் காரணம், பி வைரஸ் இருப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. 1974இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மழைக்காலத்தில் மலையில் கடலை வாங்கி வைக்காதீர்கள். கசந்தால் துப்பிவிடுங்கள். சொத்தைக் கடலையைப் பொறுக்கித் தள்ளாமல் அப்படியே செக்குக்கு அனுப்புகிற ஆட்கள் எங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள், வேறென்ன சொல்ல.

நாகலூர்_மிளகு:

நன்றி அக்கா, நன்றி அண்ணா. அம்மாவை நாளைக்கே கூட்டிப்போகிறேன். கீழாநெல்லியை என்ன செய்வது? இந்த வைரஸுக்கு மாத்திரை சாப்பிட வேண்டுமா, மாதா மாதம் செலவாகுமா?

கொலுசுக்காரி:

கீழாநெல்லி இந்த வைரஸை விரட்டுகிறது என்று 1988இல் சென்னையில் செய்த ஆய்வு நல்ல பெயர் வாங்கியது. பிற்பாடு மற்றவர்கள் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அம்மாவிடம் சண்டை வேண்டாம், ஆனால் அதைக் குடிக்கிறோம் என்று ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். டாக்டரிடமும் மறைக்காதீர்கள்.

மாத்திரை எல்லோருக்கும் தேவையில்லை. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு, ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்த்துத்தான் வைரஸை அடக்குகிற டெனோஃபோவிர் அல்லது என்டகாவிர் மாத்திரை கொடுப்பார்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். ஆரம்பித்துவிட்டால் நீங்களாக நிறுத்தக் கூடாது, வைரஸ் வேகமாகத் திரும்பி வந்து ஈரலை அடித்துவிடலாம்.

மலைக்காரருக்கு ஒரு நல்ல செய்தி: காபி குடிப்பவர்களுக்கு ஈரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. சர்க்கரையைக் குறைத்துக் குடியுங்கள்.

தங்கை விஷயத்தில் என் கருத்து, சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்தபின் என் வீட்டுக்காரருக்குப் பரிசோதனை செய்து மூன்று தடுப்பூசி போட்டோம், 0, 1, 6 மாதக் கணக்கு. அவருக்கு ஒன்றும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டால் இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம், மாற்றிப் பயன்படுத்துகிற சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், இவைதான் வழி. உங்கள் தம்பிக்கு இல்லை என்றீர்களே, எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அவருக்கும் அதே மூன்று ஊசி போட்டுவிடுங்கள்.