1939 ரூபாய்: போலி விற்பவர் பெயரைப் பொதுவில் போடலாமா?

காசுப்பை
பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தலை பொறித்த 1939 வெள்ளி ரூபாய் எவ்வளவு அரிது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காசுதான் வாட்ஸாப் ஏலக் குழுக்களில் அடிக்கடி தலை காட்டுகிறது. போலி என்று யாராவது சொன்னால் அட்மின் பதிவை நீக்கிவிடுகிறார், விற்றவர் "எனக்கே தெரியாது சார்" என்கிறார், பிறகு அதே காசு அதே படத்தோடு வேறு குழுவுக்குப் போகிறது. பதிவை நீக்குவது விற்றவருக்குச் செய்யும் உதவி. பெயரையும் காசின் படத்தையும் சேர்த்து எல்லோரும் பார்க்கும்படி நிரந்தரப் பட்டியல் வைக்க வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

வைகைக்கரை
மறுக்கிறேன். காசைப் பொதுவில் போடுங்கள், ஆளைப் போடாதீர்கள். போலி செய்பவன் ஒருவன், விற்பவர் இன்னொருவர். நடுவில் நாலு கை மாறியிருக்கும். நகைக்கடையில் பழைய வெள்ளியோடு வாங்கியவர், தாத்தா பெட்டியில் எடுத்தவர் எல்லோரும் அந்தப் பட்டியலில் ஏறிவிடுவார்கள். காசு அடிக்கும் அச்சை வெட்டியவன் பெயர் மட்டும் அதில் ஒருநாளும் வராது.

அச்சுமுனை
பெயர் இருக்கட்டும், முதலில் எதை வைத்துப் போலி என்கிறீர்கள்? 1939-இல் குறைந்தது மூன்று வகைப் போலி உண்டு. மூன்றுக்கும் சோதனை வேறு.

முதல் வகை, 1940 முதல் அடித்த காசில் தேதியைத் திருத்தியது. இது எளிதில் சிக்கும். 1939 வரை 91.7% வெள்ளி, 1940 முதல் 50%. இரண்டுக்கும் எடை 11.66 கிராம்தான், அதனால் எடையை மட்டும் பார்த்தவர் ஏமாறுவார். விளிம்பைப் பாருங்கள். 50% காசில் விளிம்புக் கோடுகளுக்கு நடுவே பள்ளமாக ஓடும் செக்யூரிட்டி எட்ஜ் இருக்கும். 1939-க்கு வெறும் கோடுகள் மட்டும்தான்.

அடர்த்தியும் காட்டிக்கொடுக்கும். 0.01 கிராம் காட்டும் தராசில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, டேர் பொத்தானை அழுத்தி எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசைத் தையல் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்க விடுங்கள். 91.7% வெள்ளியானால் தராசு 1.13 கிராம் பக்கம் நிற்கும், 50% ஆனால் 1.22, வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வர் ஆனால் 1.35 பக்கம். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிவிடும், நல்ல காசும் போலியாகத் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டால் குமிழி ஒட்டாது.

இரண்டாவது வகை, 1938-ஐ 1939 ஆக்கியது. இதுதான் ஆபத்து. வெள்ளி, எடை, அடர்த்தி, விளிம்பு எல்லாம் அசல், ஏனென்றால் காசே அசல். 8-இன் கீழ் வளையத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டி 9 ஆக்குவார்கள். 10 மடங்கு லென்ஸில், விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பாருங்கள். சுரண்டிய இடத்தில் மெல்லிய கோடுகளோ, சுற்றியுள்ள பரப்போடு ஒட்டாத வழவழப்போ தெரியும். ஒப்பிட அதே தேதியில் இன்னொரு 9 இருக்கிறது. கடைசி 9-இன் தலை வளையம் அதைவிடச் சிறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, அசல் காசிலிருந்து அச்சு எடுத்து அடித்தது. இதைப் படம் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

காசுப்பை
முடியும் சார். ஒரே வெட்டுக்காயம் ஒரே இடத்தில் இரண்டு காசில் இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் அடித்த போலி. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

அச்சுமுனை
அங்கேதான் பெரிய தவறு நடக்கும். அந்த இரண்டில் ஒன்று தாய்க்காசாக இருக்கலாம். புழக்கத்தில் காயம்பட்ட அசல் காசை வைத்துத்தான் அச்சு எடுப்பார்கள். அந்தக் காயம் அச்சில் மேடாகி, அடிக்கும் காசில் மறுபடி பள்ளமாக விழும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தாய்க்காசில் காயத்தின் ஓரம் கூர்மை, நகலில் மழுங்கல். எடை, அடர்த்தி, விளிம்பு எல்லாம் நேரில் பார்க்காமல் எது எது என்று சொல்வது சூதாட்டம். அசல் வைத்திருப்பவரைப் போலிக்காரர் என்று எழுதிவிட்டால் அந்தக் காசை அவர் பிறகு யாருக்கு விற்பார்?

வைகைக்கரை
இதைத்தான் சொன்னேன். காசுப்பை அண்ணன் பட்டியலில் முதல் வாரமே ஓர் அப்பாவி ஏறியிருப்பார்.

மெய்ப்பொருள்
சட்டப் பக்கம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தின் 356-ஆம் பிரிவு அவதூறு, 2 ஆண்டு வரை சிறை. உண்மையைச் சொன்னால் மட்டும் தப்ப முடியாது, அது பொது நலனுக்காகவும் இருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு பிறரை எச்சரிப்பதற்கும் விதிவிலக்கு உண்டு. ஆனால் நல்லெண்ணம் என்றால் போதிய கவனத்தோடு சொன்னது. ஒரு மங்கலான படத்தைப் பார்த்து "திருடன்" என்று எழுதியவர் அதற்குள் வரமாட்டார்.

அதனால் எழுதும் முறையை மாற்றுங்கள். "இவர் போலிக்காரர்" வேண்டாம். "இன்ன தேதியில் இந்தக் கணக்கிலிருந்து விற்ற காசு, விளிம்புப் படம் இது, தண்ணீரில் 1.22 காட்டியது" என்று எழுதுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கையில் சான்று இருக்கும். தெரிந்தே விற்றதாகத் தோன்றினால் 318-ஆம் பிரிவில் மோசடிப் புகார். இணையத்தில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

காசுப்பை
சான்றோடு எழுத வேண்டும் என்பதை ஏற்கிறேன். பெயரை மறைக்க வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். ஜெர்மனியின் பெக்கர் கிரேக்க, ரோமக் காசுகளுக்குக் கைப்பட அச்சு வெட்டி ஐரோப்பாவின் பெரிய சேகரிப்பாளர்களுக்கே விற்றவர். 1826-இல் செஸ்தினி என்ற இத்தாலிய அறிஞர் அவர் பெயரைச் சொல்லியே நூல் வெளியிட்டார். இன்று பெக்கர் காசு எது என்று அச்சு அச்சாகத் தெரிகிறது. பெயர் வெளியே வந்ததால்தான் தேடினார்கள்.

வைகைக்கரை
பெக்கர் தன் கையால் வெட்டினார், அண்ணே. செஸ்தினி சொன்னது செய்தவன் பெயரை. நீங்கள் போடப்போவது கடைசியாக விற்றவர் பெயரை. இரண்டும் ஒன்றா? தவிர, அச்சுமுனை சொன்ன அடையாளங்களை எல்லாம் எழுதினால் செய்பவனும் படித்துத் திருத்திக்கொள்வான்.

அச்சுமுனை
எல்லாவற்றையும் திருத்த முடியாது. விளிம்பைத் திருத்தலாம். ஆனால் 50% வெள்ளியின் அடர்த்தியை எப்படித் திருத்துவான்? அதற்கு 91.7% வெள்ளியே வாங்க வேண்டும். 8-ஐச் சுரண்டுபவன் எவ்வளவு நுணுக்கமாகச் சுரண்டினாலும் உலோகத்தை எடுத்த இடம் எடுத்த இடம்தான். மறைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு குறிப்பிட்ட நகல் அச்சின் பிழை. அதைச் சொன்னால் அடுத்த அச்சில் சரிசெய்வான். அதை மட்டும் அட்மின்களும் அனுபவமுள்ளவர்களும் தங்களுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

காசுப்பை
அதையும் மறைக்கக் கூடாது. அனுபவமுள்ளவர் ஏமாறுவதில்லை. பழைய காசு சேர்க்க இப்போதுதான் தொடங்கிய பையன் ஏமாறுகிறான். 1818 என்று தேதி போட்டு, ராமர் பட்டாபிஷேகம் பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணாவை இன்றும் அவன்தான் வாங்குகிறான். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை என்று நாம் நமக்குள் தெரிந்து வைத்து அவனுக்கு என்ன பயன்?

மெய்ப்பொருள்
"காந்த சக்தி" உண்டு என்று சொல்லி விற்கும் அந்த ராமர் காசுகளில் மறைக்க எதுவுமில்லை, பொதுவில் எவ்வளவு சொன்னாலும் நல்லது. 1939-க்கு ஒரு நடைமுறை: வாங்கியவர் இரு பக்கப் படம், மூன்று கோணத்தில் விளிம்புப் படம், எடை, தண்ணீர் அளவு நான்கையும் அனுப்பட்டும். சம்பந்தமில்லாத இருவர் நேரில் பார்க்கட்டும். விற்றவருக்கு 7 நாள் அவகாசம். பணத்தைத் திருப்பினால் காசின் படம் மட்டும் பொதுவில். மறுத்தாலோ, இரண்டாம் முறை சிக்கினாலோ பெயரும் சேர்த்து.

வைகைக்கரை
இரண்டாம் முறை என்றால் எனக்குச் சம்மதம். தெரியாமல் ஒருமுறை விற்கலாம், எச்சரித்த பிறகும் விற்றால் தெரிந்துதான் விற்கிறார்.

காசுப்பை
எனக்குப் பாதிதான் சம்மதம். பணம் திரும்பினால் காசும் விற்றவரிடமே திரும்புகிறது. அவர் அதை வேறு ஊரில், வேறு பெயரில் தள்ளிவிட்டால்? பணத்தைத் திருப்பியவர் அந்தக் காசை என்ன செய்தார் என்று கேட்கும் விதியும் சேரும்வரை என் வாக்கு இல்லை.

அச்சுமுனை
காசில் முத்திரை குத்த நமக்கு உரிமை கிடையாது, அது அவர் சொத்து. ஆனால் விளிம்புப் படங்கள் நம்மிடம் இருக்கும். கோடுகளின் தேய்மானமும் காயங்களும் காசுக்குக் காசு மாறும், எந்தக் குழுவில் வந்தாலும் ஒப்பிட்டு அடையாளம் காணலாம். விற்பனைப் பதிவில் விளிம்புப் படம் இல்லாத 1939-ஐ ஏலத்துக்கே எடுக்கக் கூடாது என்று அட்மின்கள் முதலில் விதி போடட்டும்.