பிள்ளைகள் தாங்களாக யோசித்த வகுப்பு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அறிவியல் ஆசிரியர், மதுரை மாவட்டம்

சிந்தனைத் திறன் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் வேண்டிய மட்டும் கேட்டாயிற்று. கல்வியாளர் புளூம் 1956-இல் அடுக்கிய சிந்தனைப் படிநிலைகளையும், 2001-இல் அதைத் திருத்தி உச்சியில் 'படைத்தல்' வைத்ததையும் பி.எட். படித்த எல்லோரும் பரீட்சையில் எழுதியிருப்போம் (மனப்பாடம் செய்துதான்!). இங்கே அது வேண்டாம். வகுப்பில் நடந்ததைச் சொல்லுங்கள். நானே தொடங்குகிறேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு நாள், நண்பகல் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் எங்கே இருக்கும் என்று கேட்டேன். "உச்சியில சார்!" அப்படியென்றால் நிழல்? "இருக்காது சார்!" தினமும் சத்துணவுத் தட்டோடு சொந்த நிழலை மிதித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் பிள்ளைகள்தான் இதைச் சொல்கிறார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அது. மைதானத்தில் ஒரு மீட்டர் கம்பை நட்டோம். பதினொன்றரையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். பன்னிரண்டு அடித்தது. நிழல் வடக்கே நீட்டிக்கொண்டு கிடக்கிறது. "கம்பு சாஞ்சிருக்கு சார்" என்றான் ஒருவன். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், நேராகத்தான் இருந்தது. அப்புறம் என் கடிகாரத்தின் மேல் சந்தேகம். இரண்டு ஆசிரியர்களின் போனை வாங்கி மணி பார்த்தார்கள். இதற்குள் நிழல் இன்னும் குறைந்துகொண்டே வந்து, 12.20-ஐத் தாண்டித்தான் நின்றது. அப்போதும் 64 செ.மீ. இருந்தது.

நம் கடிகாரம் காட்டுவது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம், மதுரை இருப்பது 78 டிகிரியில், மேற்கே போகப் போக டிகிரிக்கு நான்கு நிமிடம் தாமதம் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னேன். மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டுக்கு இரண்டே முறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் என்பதையும் சொன்னேன். ஒரு பெண் எழுந்து, "அப்போ சென்னையில நமக்கு முன்னாடியே நிழல் குறைஞ்சிடுமா?" என்றாள். அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சென்னையில் இருக்கும் அத்தை மகனை மொட்டை மாடியில் ஒட்டடைக் கம்பை நிறுத்தி அளக்க வைத்துவிட்டாள், இங்கே இவளும் அளந்தாள். கணக்குப்படி ஒன்பது நிமிடம் வர வேண்டும், வந்தது கால் மணி நேரம். கம்பு ஆடியிருக்கும், அத்தை மகன் சோம்பேறி, உச்சி வேளையில் நிழல் மாறுவதே கண்ணுக்குத் தெரியாது என்று வகுப்பில் மூன்று கட்சி. கடைசிக் கட்சிக்குத்தான் என் ஓட்டு.

தமிழாசிரியை, தஞ்சாவூர் பக்கம்

சார், அந்தப் பெண்ணுக்கு என் சார்பில் ஒரு பேனா வாங்கிக் கொடுங்கள்.

என் அனுபவம் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில். பாட்டு, பொருள், சொற்பொருள், புத்தகப் பின்பக்கக் கேள்விகள் என்று முடித்துவிடலாம், நான்கு பாடவேளை போதும். ஒரு வருடம் வகுப்பை நீதிமன்றமாக்கிப் பார்த்தேன். கண்ணகிக்காக வாதாட ஆள் தேட வேண்டியதே இல்லை, பாதி வகுப்பு எழுந்து நின்றது. பாண்டியனுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் எப்போதும் வாயே திறக்காத ஒரு பையன் வந்தான்.

அவன் சொன்னதைக் கேளுங்கள். "ராணியோட சிலம்பு அவன் கையில இருந்தா கொன்னுட்டு சிலம்பை எடுத்துட்டு வாங்கன்னுதானே ராஜா சொன்னார்? 'இருந்தா'ன்னு சொல்லியிருக்கார் டீச்சர். அது ராணியோடதுதானான்னு பார்க்க வேண்டியது காவலாளிங்க வேலை." மூலத்திலும் 'கள்வன் கையது ஆகில்' என்றுதான் இருக்கிறது. நானும் எத்தனையோ முறை நடத்திய வரி, இப்படி ஒரு வாதம் அதற்குள் இருப்பதாக நினைத்ததில்லை.

எதிர்த்தரப்பு விடுமா? கொலைக்களக் காதையைக் கதையாகச் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோவலனைப் பார்த்ததும் 'இவன் கொலைப்பட வேண்டியவன் இல்லை' என்று காவலர்களே தயங்கினார்களே, அந்தத் தயக்கத்தை அரசனிடம் போய்ச் சொல்லாமல் பொற்கொல்லன் பேச்சைக் கேட்டது ஏன்? சாட்சி சொல்கிறவனே திருடனாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா? நகைப் பட்டறையில் வேலை பார்ப்பவரின் மகன் ஒருவன் வேறு வழியாக வந்தான். "ஒண்ணுல முத்து, ஒண்ணுல மாணிக்கம். உடைக்கவே வேணாம் டீச்சர், ரெண்டையும் வாங்கி ஆட்டிப் பார்த்திருந்தா சத்தத்துலயே தெரிஞ்சிருக்கும்." ஆனால் ராணியின் சிலம்புதான் காணாமல் போயிற்றே, எதோடு ஒப்பிடுவது என்று மறித்தாள் ஒருத்தி. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொரு கால்ல இருக்கும்ல?" என்றான்.

நான்கு பாடவேளை ஏழாகிவிட்டது. பக்கத்து வகுப்பிலிருந்து புகாரும் வந்தது. ஆனால் தேர்வில் அந்தப் பாட்டில் யாரும் தடுமாறவில்லை.

கணக்கு, பத்தாம் வகுப்பு

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏழாம் வகுப்புக்குக் கம்பு நடலாம். என்னிடம் வருகிறவனுக்கு வகுத்தல் வராது, மார்ச்சுக்குள் அவன் 35 எடுக்க வேண்டும். தேர்ச்சி விகிதக் கூட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) என்னிடம் நிழலின் நீளத்தைக் கேட்கப்போவதில்லை. ஏழு பாடவேளை வேண்டும் என்கிறீர்கள், யாரிடம் வாங்குவது?

ஆரம்பப் பிரிவு ஆசிரியை, யாழ்ப்பாணம்

கணக்கு சேர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இங்கே தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சையில் நுண்ணறிவுக் கேள்விகள் வரும். பிள்ளை புதிதாக ஒன்றைக் கண்டு யோசிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் கடந்தகால வினாத்தாள்களை ரியூசனில் திரும்பத் திரும்பச் செய்து, கேள்வியின் முதல் வரியைக் கண்டதுமே விடையில் கோடு போடுகிற அளவுக்குப் பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். நான் படத்தைச் சற்று மாற்றிக் கொடுத்தால், "டீச்சர், இந்த மாதிரி வராது" என்கிறார்கள்.

அறிவியல் ஆசிரியர், மதுரை மாவட்டம்

இங்கேயும் அதே கதைதான் டீச்சர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உதவித்தொகைக்காக எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் மனத்திறனுக்கு 90 கேள்வி. அதற்கும் கைடு வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போட்டார்கள், நினைவிருக்கிறதா? ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும். அப்போது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திக்கு அளவே இல்லை. ஊசி போடும் நாளில் பாதிப் பேர் வரமாட்டார்கள் போலிருந்தது. பெற்றோர் கூட்டத்தில் எவ்வளவு பேசியும் எடுபடவில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டுக்கு வந்த குரல் பதிவில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு வரச் சொன்னேன். கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டோம்: பேசுவது யார், எந்த ஊர், என்றைக்கு, எந்த ஆஸ்பத்திரி. ஒவ்வொருவராக வந்து நிரப்ப வேண்டும். 'யார்' கட்டம் காலி. 'என்றைக்கு' கட்டத்தில் எல்லோரும் 'நேத்து' என்றே எழுதினார்கள், பதிவு வந்தது வேறு வேறு நாளில். 'எந்த ஊர்' கட்டத்தில் 'நம்ம பக்கத்து ஊர்'. ஒருத்திக்குக் காரைக்காலில் சித்தி. அங்கேயும் அதே குரல், அதே பதிவு, அதே 'நம்ம பக்கத்து ஊர்'. வகுப்பே சிரித்துவிட்டது. ஊசி நல்லது என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சுகாதார ஆய்வாளர் வந்து சொன்னார், பிள்ளைகள் அவரையும் விடாமல் கேள்வி கேட்டார்கள், பாவம்.

எல்லா வீட்டிலும் சம்மதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். எட்டாம் வகுப்பில் பெரும்பாலும் வந்தார்கள். கேரளத்தில் கண்ணூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் 2018 வாக்கில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கவென்றே வகுப்பு எடுத்தார்கள் என்று பிறகு படித்தேன். நம் ஊரில் ஏன் கூடாது?

கணக்கு சாருக்கு: ஏழு பாடவேளை வேண்டாம், எனக்கு ஒன்றுதான் ஆயிற்று.

கணக்கு, பத்தாம் வகுப்பு

நான் ஒன்றுமே செய்வதில்லை என்று நினைத்துவிடாதீர்கள் மேடம். வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடம் ஒரு விளையாட்டு உண்டு. விடையை நான் கொடுப்பேன், கேள்வியை அவர்கள் எழுத வேண்டும். போன வாரம் விடை 24. ஆறு கோழி, தலைக்கு நான்கு முட்டை என்று ஒருவன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று இன்னொருவன். "இதுல கணக்கு எங்கடா?" என்றால், "கேள்விதானே கேட்டீங்க சார்" என்கிறான்.

நான் சொன்னேனே, வகுத்தல் வராத பையன், அவன் எழுதியது இது: 'நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உள்ளே 24 பேர் இருந்தார்கள். நான் ஏறியபோது எத்தனை பேர் இருந்தார்கள்?' முதல் பெஞ்சு உடனே 25 என்றது. பின்னாலிருந்து, "நடுவுல எத்தனை ஸ்டாப்பு, யாரு யாரு ஏறினாங்கன்னு தெரியாம எப்படிடா போடுவ?" என்று ஒரு குரல். கண்டக்டரைச் சேர்க்கணுமா கூடாதா என்று இன்னொரு தகராறு.

இதை அடுத்த அலகுத் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் போடலாம் என்று பார்க்கிறேன். 'தகவல் போதாது' என்று மட்டும் எழுதுபவனுக்கு ஒன்றா, என்ன தகவல் குறைகிறது என்று எழுதினால்தான் இரண்டா? 25 என்று எழுதுகிறவனின் பெற்றோர் வந்து கேட்டால் என்ன சொல்வது? இப்படி யாராவது கேள்வித்தாள் போட்டிருந்தால் விடைக்குறிப்பு எப்படித் தயாரித்தீர்கள் என்று சொல்லுங்கள்.