புதுப்பிப்பு: திரியெஸ்தே சதுக்கத்துக்குப் போய் வந்தாச்சு

இத்தாலியின் திரியெஸ்தேவில் அந்தக் கடலோரச் சதுக்கத்தைப் பார்க்க அரை நாள் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தாராளமாகப் போதும். மூன்று பக்கம் மாளிகைகள், நான்காவது பக்கம் நேராக அட்ரியாட்டிக் கடல்.

நகர மன்றத்துக்கு எதிரே 1750களில் கட்டிய நீரூற்று. அதில் நான்கே கண்டங்களுக்குச் சிலை. ஆஸ்திரேலியா அன்றைய கணக்கில் இல்லை!

அங்கே பலமாக வீசும் குளிர்காற்றான போராவைப் பற்றி எச்சரித்தவர்களுக்கு நன்றி, நான்தான் கேட்கவில்லை. குடையை விரித்த மறுநொடி கம்பியெல்லாம் மேலே திரும்பிக்கொண்டது. பக்கத்தில் கடலுக்குள் நீளும் மோலோ அவுதாச்சே மேடையில் பாதி வழியிலேயே திரும்பிவிட்டேன்.

அப்புறம், காபி: அங்கே எஸ்பிரெசோவுக்குப் பெயர் 'நேரோ'. நின்றே குடியுங்கள், உட்கார்ந்தால் விலை ஏறும்.