பட்டர் புரூட் மரம்: வாடியது தாகத்தால் இல்லை

கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. அங்கே பட்டர் புரூட், அதாவது அவகாடோ, புதிதல்ல. தாத்தா காலத்திலிருந்தே காபிக்கு நிழல் மரமாகச் சரிவில் நிற்கிறது. கொட்டை விழுந்து தானாக முளைத்தவை. யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. ஆடி மாதம் வந்தால் பழம் மட்டும் கேட்காமலே கிடைக்கும். அதனால் 2019இல் ஹாஸ் என்ற அவகாடோ ரகத்தில் ஒட்டுக்கன்று இருபது வாங்கியபோது, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஓடை ஓரத்துப் பள்ளத்தில், முன்பு வாழை நன்றாக வந்த இடத்தில் வைத்தேன். மூன்றடிக் குழி, தொழு உரம், சொட்டு நீர் எல்லாம் முறைப்படி. முதல் வருடம் கண் படுகிற மாதிரி வளர்ந்தது. இரண்டாம் வருட ஐப்பசி மழைக்குப் பிறகு இலை சிறுத்து, வெளிறி, தொங்க ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லை போல என்று கூடுதலாகத் திறந்துவிட்டேன். இன்னும் தொங்கியது. இன்னும் திறந்தேன்.

தோட்டக்கலைத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா ஒருநாள் வந்தார். இலையைப் பார்க்கவே இல்லை. நேராகக் குத்த வைத்து உட்கார்ந்து தூரைக் கிளறினார். மெல்லிய வேரெல்லாம் கறுத்து, விரலில் பட்டதும் ஒடிந்தது. வெள்ளை நுனி ஒன்றுகூட இல்லை. "வாயைக் கட்டிப் போட்டுட்டு குடம் குடமா ஊத்திட்டிருக்கியேப்பா" என்றார்.

பைட்டோப்தோரா என்ற மண் கிருமியால் வரும் வேரழுகல். உலகம் முழுக்க அவகாடோவுக்கு முதல் எதிரி இதுதானாம். அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணில் தேங்கிய நீரில் நீந்தியே அடுத்த வேருக்குப் போகும். உணவு எடுக்கும் வேர்கள் பெரும்பாலும் மேல் மண்ணில் ஓரடிக்குள்தான் இருக்கும்; அவை செத்துவிட்டால் ஈரத்திலேயே நின்றாலும் மரத்தால் குடிக்க முடியாது. பார்க்கிறவர்களுக்குத் தாகம் மாதிரியே தெரியும். நான் முறைப்படி எடுத்த குழியும் களிமண்ணில் ஒரு தொட்டி மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. சரிவில் நின்ற தாத்தா மரங்கள் ஏன் பிழைத்தன என்று அப்போதுதான் உறைத்தது.

இருபதில் பதிமூன்று போய்விட்டது. மிச்சத்துக்குத் தண்ணீரை நிறுத்தி, வேரழுகலுக்கான பொட்டாசியம் பாஸ்போனேட் மருந்தை இலையில் தெளித்தோம். நான்கு தேறியது. புதுக் கன்றுகளைச் சரிவில் வைத்தேன். இந்த முறை குழி இல்லை. இரண்டரை அடி உயரத்துக்கு மண்ணை மேடாகக் குவித்து அதன் தலையில் நட்டேன். சில்வர் ஓக் சருகும் காபித் தொலியும் கனமாக மூடாக்கு, தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி. தண்ணீர் விடும் முன் மண்ணைக் கையில் பிடித்துப் பார்ப்பேன். பிடித்த பிடியில் உருண்டையாக நின்றால் அன்று மோட்டார் போடுவதில்லை. அவ்வளவுதான் கணக்கு.

புதுக் கன்று நட்ட மூன்றாம் வருடம் மரம் முழுக்கப் பூ. மேல் மேட்டில், பழைய மரங்களுக்குப் பக்கத்தில் நின்றவை காய்த்தன. கீழ்க்கோடியில் நின்றவற்றில் விரல்விட்டு எண்ணலாம். இதற்கும் காரணம் இருக்கிறது. அவகாடோப் பூ ஒவ்வொன்றும் இரண்டு தடவை திறக்கும். ஹாஸ் ஏ வகை: முதல் நாள் காலை பெண்ணாகத் திறந்து மூடிவிடும், மறுநாள் மதியம் ஆணாகத் திறந்து மகரந்தம் கொட்டும். பி வகையில் முதல் நாள் மதியம் பெண், மறுநாள் காலை ஆண். இரண்டும் பக்கத்தில் இருந்தால் நல்லது. கொட்டையில் முளைத்த பழைய மரங்களில் இரண்டு வகையும் கலந்து கிடக்கும், அதனால்தான் மேல் மேட்டில் காய்த்தது. நம்பாமல் டீ டம்ளரோடு ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன், சொன்னபடியே நடந்தது. பி வகையான ஃபுவர்டே குச்சி வாங்கிக் கீழே இரண்டு மரத்தில் ஒட்டுக் கட்டியிருக்கிறேன், தேனீப் பெட்டியும் வைத்தாயிற்று. அப்புறம், பூ கொட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். ஆயிரம் பூவுக்கு ஒரு காய் நிற்பதே பெரிது.

பறிப்பதிலும் ஏமாந்தேன். இது மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். அவசரப்பட்டுப் பறித்த முதல் கூடை ரப்பர் மாதிரி சுருங்கிப் போனது. இப்போது ஒரு காயை வெட்டிப் பார்க்கிறேன். கொட்டையின் தோல் பழுப்பாக, காகிதம் போல இருந்தால் பறிக்கலாம். வெளுத்துச் சதையாக இருந்தால் விட்டுவிடுவேன்.

*

அண்ணா, உங்கள் பட்டர் புரூட் கதையைப் படித்தேன். எனக்கு நேர் எதிர்க் கதை. கோவையில் மொட்டை மாடியில் டிரம்மில் ஒரு கன்று வைத்திருக்கிறேன், தண்ணீர் தேங்க வழியே இல்லை. ஆனாலும் இலை நுனியும் ஓரமும் தீயில் வாட்டிய மாதிரி கருகிக்கொண்டே வந்தது. நோய் என்று நினைத்து என்னென்னவோ தெளித்தேன். கடைசியில் குற்றவாளி எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீர். இந்த மரத்துக்கு உப்பு ஆகவே ஆகாது. தினமும் ஒரு சொம்பு ஊற்றி ஊற்றி உப்பை டிரம்மிலேயே சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போது மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுகிறேன். அவ்வப்போது அடித்துளை வழியே வழிந்தோடும் வரை ஊற்றி உப்பைக் கழுவி விடுகிறேன். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, புதுத் துளிர் சுத்தமாக வருகிறது. காய்? கொட்டையில் முளைத்த கன்று, ஆறேழு வருடமாவது ஆகும் என்கிறார்கள். இன்னும் பொறுமை இருக்கிறது.

*

நான் ஏற்காடு. மரத்தைப் பற்றி இல்லை, ஆட்டைப் பற்றி. பட்டர் புரூட் மரத்தில் கவாத்து செய்த கிளைகளைக் கொட்டில் பக்கம் போட்டுவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டேன். பால் ஆடு இரண்டு வயிறு முட்டத் தின்றிருக்கின்றன. மறுநாள் மடி வீங்கிக் கல்லாகி, பால் நின்றுவிட்டது. ஒன்று மூச்சு வாங்கிப் படுத்தது, எழவில்லை. இலையில் பெர்சின் என்று ஒரு நச்சு உண்டு, மடியையும் இதயத்தையும் தாக்கும் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். பிழைத்த ஆடு இன்றும் அந்த மரத்தடிக்கே போகப் பார்க்கிறது. சுற்றி வேலி போட்டுவிட்டேன்.